இரண்டாம் படகுக்குப் பூக்கட்டிப் பார்த்தது

என் தாய்மாமன் இரண்டாவதாக ஓர் இயந்திரப் படகு வாங்க முடிவு செய்தபோது, எதை வாங்குவது என்னும் பொறுப்பு சுற்றிச் சுற்றி இறுதியில் என் கைக்கு வந்து சேர்ந்தது. அப்போது நான் நான்காம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த சிறுமி. படகைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் அது தண்ணீரில் போகும் என்பது மட்டுமே. எங்கள் குடும்பத்தில் அது ஒரு குறையாகக் கருதப்படவில்லை, தகுதியாகவே கொள்ளப்பட்டது.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. சிட்லபாக்கம் ஏரியை ஒட்டிய தெருவில் எங்கள் வீடும், அடுத்த தெருவில் மாமாவின் வீடும் இருந்தன. குரோம்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் பார்த்துவந்த நல்ல வேலையை விட்டுவிட்டு, மாமா கோவளத்தை அடுத்த உப்பங்கழியில் ஒரு சிறு படகை வைத்துக்கொண்டு உலாத் தொழில் நடத்திவந்தார். ஞாயிறுதோறும் தாம்பரம், சேலையூர், பல்லாவரம் பக்கத்து அலுவலகக் குடும்பங்கள் புளிச்சோற்றுப் பொட்டலங்களுடன் பேருந்தேறி அங்கே வருவார்கள். மாமா அவர்களைப் படகில் ஏற்றி, கழிமுகத்தின் வழியே கடலுக்குள் கொண்டுபோய், கரையோரமாகவே தெற்கே செலுத்தி, மாமல்லபுரத்துக் கோயிலை அலைகளின் பக்கமிருந்து காட்டிவிட்டு, பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொண்டுவருவார். வருவோர் பெருகினர்; சிறு படகு போதவில்லை.

கடலைக் காட்டிலும் அஞ்சத்தக்கது கழிமுகம். கழி கடலோடு கூடும் அவ்விடத்தில் மணல் ஒருநாள் இருந்தவிடத்தில் மறுநாள் இராது. ஒருமுறை மாமாவின் மனைவியும் படகில் போயிருந்தாள். அவளை நாங்கள் அத்தை என்றே அழைப்போம். முகத்துவாரத்தில் அலையொன்று படகைத் தூக்கிப் போட்டதில், அவள் பலகையில் மோதி நெற்றி பிளந்து, இரத்தமும் உப்புநீருமாகக் கரை சேர்ந்தாள். அதன்பின் அவள் படகேறிக் கடலுக்குள் போனதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மாமாவின் செருப்பொலி வாசலில் கேட்கும்வரை ஒரு வாய் சோறு உண்டதுமில்லை. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஞாயிறு மாலைகளில் அவளுக்குத் துணையாக நான்தான் அமர்ந்திருப்பேன்.

இரண்டு படகுகள் பார்க்கப்பட்டன. முதலாவது, திருநீர்மலைச் சாலையில் ஒரு கொட்டகையில் கண்ணாடி இழையால் வார்த்துச் செய்யப்பட்டது. மூக்கைக் காந்தும் நெடியின் நடுவே அது வெள்ளை வெளேரென்று படுத்துக் கிடந்தது. மாமா அதைப் பானையைத் தட்டிப் பார்ப்பதுபோல் விரல் மடக்கித் தட்டிப் பார்த்தார். ஒரு முனையை அவரே தனியாகத் தூக்கியும் காட்டினார். அந்த மகிழ்ச்சி அவர் முகத்தில் நான் அதிகம் காணாதது.

“இது தண்ணி மேலயே நிக்கும். மணல் மேடு இருந்தாக்கூட வழுக்கிட்டுப் போயிடும், பாரு,” என்றார்.

அத்தை அருகில் வந்து ஒற்றை விரலால் அதன் விளிம்பை அழுத்தினாள். படகு அசைந்தது.

“விரலுக்கே ஆடுதேங்க,” என்றாள்.

இரண்டாவது, காசிமேட்டில் கரையேற்றி வைத்திருந்த பழைய மரப்படகு. துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களுக்கு ஆட்களைக் கொண்டுபோய்விட்ட படகு அது. அகன்ற வயிறு, தேக்குப் பலகை, நடுவில் தொட்டிபோல ஒரு டீசல் எந்திரம். அத்தை அதில் ஏறி நின்று, குதித்தே பார்த்தாள். அது அசையவில்லை. மாமா அதன் அடிவயிற்றைக் குனிந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். விற்றுத்தர வந்திருந்த தரகருக்கு யாரைப் பிடிக்க வேண்டும் என்பது உடனே விளங்கிவிட்டது.

“இன்னாக்கா, யோசிச்சுக்கினு நிக்கிறே? இது யானை. யானை எங்கனா கவுந்து பாத்துகிறியா நீ?”

நெற்றிக் காயத்துக்குப் பிறகு படகு பற்றிய பேச்சில் அத்தை சிரித்தது அதுவே முதன்முறை.

“யானைய மணல்ல இறக்கினா யாருய்யா தூக்கறது?” என்று மாமா கேட்டார்.

“நீ இன்னாத்துக்கு சார் மணல்ல எறக்குறே? தண்ணில வுடு.”

வீடு திரும்பியபின் இருவருக்குமிடையே பேச்சு நின்றது. மாமா தம் நியாயத்தை என் அம்மாவிடமும், அத்தை தன் நியாயத்தை என்னிடமும் சொல்லிக்கொண்டிருந்தனர். ஆழமாக அமிழும் படகு முகத்துவாரத்துக்கு ஒவ்வாது என்றார் அவர். கனமில்லாத ஒன்றில் கட்டின கணவனை எப்படிக் கடலுக்குள் அனுப்புவது என்றாள் இவள். முடிவில் அத்தையே வழி சொன்னாள்: குன்றத்தூர் முருகன் முன்னிலையில் பூக்கட்டிப் பார்ப்பது.

மாமா மறுக்கவில்லை, மறுக்கவும் இயலாது. எங்கள் குடும்பத்தில் பெண்ணெடுத்ததும் மனை வாங்கியதும், அப்பாவின் குடலிறக்கத்துக்கு அறுவை செய்துகொள்வதா வேண்டாமா என்பதும்கூட அந்தக் குன்றின்மேல்தான் தீர்மானமாயின. அறிவு தீர்மானிக்க வேண்டியவற்றை அரளி தீர்மானித்து வந்தது. பெரும்பாலும் நன்றாகவே தீர்மானித்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். வெள்ளை நந்தியாவட்டை ஒரு பொட்டலத்திலும் சிவப்பு அரளி ஒரு பொட்டலத்திலுமாக இலையில் மடித்து, நாரால் கட்டி, இறைவன் திருமுன் வைத்து வேண்டிக்கொண்டபின், ஒரு சிறுபெண் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் மரப்படகு, சிவப்பு வந்தால் இழைப்படகு என்று பேசி முடித்தனர்.

பொட்டலங்களை அத்தை வீட்டிலேயே கட்டிக்கொண்டு வந்தாள். குருக்கள் அவற்றைத் தட்டில் வாங்கிச் சந்நிதியில் வைத்தார். கற்பூரம் காட்டியாயிற்று. மாமா கண்மூடிக் கைகூப்பி நின்றார். நான் ஒன்றை எடுத்தேன். மாமா பிரித்தார். நந்தியாவட்டை.

அதைக் கண்களில் ஒற்றிக்கொண்டு, “அவன் சொன்னா சரி,” என்றார். அத்துடன் இழைப்படகின் பேச்சு அவர் வாயிலிருந்து என்றைக்குமாக நீங்கியது.

மற்றப் பொட்டலத்தைப் பிரிக்காமல் மரத்தடியில் போட்டுவிட்டு வரும்படி அத்தை என்னிடம் கொடுத்தாள். சிறுபிள்ளையிடம் மூடிய பொருளைக் கொடுத்துப் பிரிக்காதே என்று சொன்னால் என்ன நடக்குமோ அதுவே நடந்தது. உள்ளே இருந்ததும் நந்தியாவட்டை. நான் படியிறங்கி ஓடிப்போய் அத்தையிடம் கேட்டேன். மாமா எட்டத்தில் போய்க்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு என் கையை இறுகப் பற்றினாள்.

“மாமா கிட்ட சொல்லாத கண்ணு. அவர் உசுரோட இருக்கணும்ல? முருகனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். அது போதும்.”

கடவுளோடு சேர்த்து என்னையும் ஒருத்தியாக எண்ணிய பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. செத்தாலும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

மரப்படகு வந்தது. நீலமும் மஞ்சளுமாக வண்ணம் பூசி, வாழைக்கன்று கட்டி, கழியில் இறக்கினார்கள். அத்தை அதில் அச்சமின்றி அமர்ந்து, கழிக்குள் ஒரு சுற்றுப் போய்வந்தாள். மழைக்காலம் கழிந்து தை, மாசி மாதங்களில் தொழில் செழித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தை வேளைக்கு உண்ணத் தொடங்கினாள். மாமா மட்டும் நீரேற்றம் பார்த்தே போகவும் வரவும் வேண்டியிருப்பதாக அலுத்துக்கொள்வார். சிறிய படகு நழுவி வந்துவிடும் நேரங்களில் இது வெளியே காத்துக் கிடக்கும். எருமை என்றுதான் அதைக் குறிப்பிடுவார், ஆனாலும் தட்டிக்கொடுப்பார்.

பங்குனி பிறந்தால் கழியில் நீர் வற்றும். முகத்துவாரத்தில் மணல் ஏறும். அம்மாதத்து ஞாயிறு ஒன்றின் மாலையில், தாம்பரம் நிலையத்தருகே குடியிருந்த வங்கி ஊழியர் ஒருவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். அன்றைய பயணிகளில் ஒருவர் அவர். முழங்கால்வரை ஈர மணல் ஒட்டியிருந்தது. அம்மாவிடம் தண்ணீர் கேட்டார். வாங்கிக் குடிக்காமல் செம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு அழுதார்.

அவர் சொன்னதிலிருந்து தெரிந்தது இது. திரும்பி வருகையில் நீர் இறங்கிவிட்டது. படகின் அடி மணலில் ஊன்றி நின்றுவிட, அலைகள் பக்கவாட்டில் அறையத் தொடங்கின. மாமா பதறவில்லை. இடுப்பளவு நீர்தான் என்று சொல்லிக் குழந்தைகளை முதலிலும் பெண்களைப் பின்னரும் இறக்கி, கை கோத்துக் கரைக்கு நடக்கவைத்தார். அனைவரும் போய்ச் சேர்ந்தபின், படகைத் திருப்பி அலைக்கு முகம் காட்டி நிறுத்திவிடலாம் என்று தோளைக் கொடுத்துத் தள்ளினார். அப்போது ஒரு பேரலை படகைத் தூக்கியது. தூக்கிய படகை அவர்மேல் வைத்தது. கரையிலிருந்த ஆடவரெல்லாம் ஓடிப்போய் முட்டுக்கொடுத்தும் அதை அசைக்க முடியவில்லை. அடுத்த அலை வந்துதான் அசைத்தது.

இழைப்படகாக இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்பதை இன்றும் எவராலும் அறுதியிட்டுக் கூற இயலாது. வேறொரு நாளில், வேறொரு விதமாக அது கவிழ்ந்திருக்கவும் கூடும். துக்க வீட்டுக்கோ அத்தகைய ஐயங்கள் ஏற்புடையன அல்ல. அதற்கு ஒரு காரணம் வேண்டும், அதுவும் கைக்கெட்டும் தொலைவில் வேண்டும். முருகனைக் குறைசொல்ல எவருக்கும் துணிவில்லை. ஆகவே பேச்சு மெல்ல என் கைமேல் வந்து படிந்தது. உறவுப் பெண்கள் என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினர். பக்கத்து வீட்டில் மஞ்சள் அரைத்துக்கொண்டிருந்த பெண்மணி, கிண்ணத்தை எடுக்கக் குனிந்த என்னை, நீ எடுக்க வேண்டாம் என்று இதமாகவே தடுத்தாள்.

இரண்டு பொட்டலத்திலும் ஒரே பூதான் என்பது எனக்குத் தெரியும். எனினும், எதை எடுத்திருந்தாலும் அதுவேதான் வந்திருக்கும் என்னும் எளிய உண்மை என் அறிவுக்கு எட்டவில்லை. கை என்னுடையது, எடுத்தவள் நான், பெரியவர்கள் சொல்கிறார்கள். நான் வலக்கையைப் பாவாடைக்குள் மறைத்துக்கொள்ளத் தொடங்கினேன். பள்ளியில் கோணல்மாணலாக இடக்கையால் எழுதி அடிபட்டேன். சொல்லிவிட்டால் தீர்ந்துவிடும் என்று தோன்றவேயில்லை. வாக்கு வாக்குதான்.

கருமாதியன்று மாமாவின் வீட்டுக் கூடத்தில் பந்தி நடந்தது. மாமாவின் தமையனார், எங்கள் பெரிய மாமா, தலைப்பந்தியில் அமர்ந்திருந்தார். எதிரில் அமர்ந்து நான் இடக்கையால் சோற்றைப் பிசைவதைக் கண்டு, “என்ன பழக்கம் இது? சோத்துக் கையில சாப்பிடு,” என்று அதட்டினார்.

பரிமாறிக்கொண்டிருந்த அவர் மனைவி, “விடுங்க. அந்தக் கைதானே எடுத்துச்சு. அதுக்கே தெரியுது,” என்றாள்.

எவரும் மறுத்துப் பேசவில்லை. என் அம்மாவும் மோர்ச் செம்பைப் பிடித்தபடி நின்றாள்.

அத்தை உள்ளறையில் சுவரோரமாக உட்கார்த்தி வைக்கப்பட்டிருந்தாள். அன்று அவள் அவ்விடத்தை விட்டு எழக்கூடாது. ஆண்கள் உண்ணுமிடத்துக்கு வரவே கூடாது. அவள் எழுந்து வந்தாள். வெறும் நெற்றியில் பழைய தழும்பு தெரிந்தது. கூடத்தின் நடுவில் நின்று, யாரையும் பாராமல் பேசினாள்.

“ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளப் பூதான் இருந்துச்சு. கட்டினவ நான். அவர் கேட்ட படகு வந்துடக் கூடாதுன்னு நான்தான் அப்படிக் கட்டினேன். இவ எதை எடுத்திருந்தாலும் அதான் வந்திருக்கும். புள்ள கைய விட்டுடுங்க.”

பெரிய மாமா கையை இலையிலேயே கழுவினார்.

“அப்போ நீதான்,” என்றார். எழுந்துகொண்டார். பந்தி முழுவதும் எழுந்தது. சோறு இலைகளில் அப்படியே கிடந்தது.

அன்று மாலையே அத்தையின் தமையன் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வந்து அவளை அழைத்துப்போனார். ஒரு துணிப்பை மட்டும் அவளிடம் இருந்தது. வாசல்வரை எவரும் வரவில்லை. அம்மா மட்டும் என்னைப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டு மதிலோரம் நின்றாள். அத்தை எங்களைக் கடக்கையில் நின்று, குனிந்து, என் கையைத் தொடுவதற்காகத் தன் கையை நீட்டினாள். நான் வெடுக்கென்று பின்வாங்கி அம்மாவின் சேலைக்குப் பின்னே போய்விட்டேன்.

எனக்கு அவள்மேல் அடங்காத சினம். முருகனும் அவளும் நானும் மட்டுமே அறிந்த ஒன்றை, ஊரே என்னை ஏசியபோதும் அம்மாவிடம்கூட வாய்திறக்காமல் நான் காத்து வந்திருக்கிறேன். அவளோ அத்தனை பேர் நடுவில், சாப்பாட்டு வேளையில், போட்டு உடைத்துவிட்டாள். என்னைக் காட்டிலும் பெரியவள், தானே கேட்டு வாங்கிய வாக்கைத் தானே காப்பாற்றவில்லை. என் வழக்கு அவ்வளவுதான். தெருமுனையில் அவள் திரும்பிப் பார்த்தபோதும் நான் அசையவில்லை. அவள் அதன்பின் சிட்லபாக்கத்துக்கு வரவில்லை. எங்கள் வீட்டில் அவளைப் பற்றிய பேச்சும் எழவில்லை.

அன்றிரவு அம்மா எனக்கு இலை போட்டாள். பேச்சுத் தவறியவள் என்று அத்தையை மனத்துக்குள் திட்டிக்கொண்டே, நான் வலக்கையால் சோற்றைப் பிசைந்து வயிறார உண்டேன்.