வற்றிய ஏரியில் முப்பத்தேழு நாமக்கோழிகள்

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்குக் கோயம்பேட்டில் தஞ்சாவூர் பஸ்ஸில் ஏறினேன். டிக்கெட் நூற்றுப் பதினெட்டு ரூபாய். தூரம் முந்நூற்று நாற்பது கிலோமீட்டர் சொச்சம். மடியில் ஒரு பைனாகுலர். பைக்குள் ஐந்து வருஷத்துப் பறவை எண்ணிக்கைத் தாள்கள், இஸ்திரி போட்ட சட்டைக்கு நடுவில் மடங்காமல் வைத்திருந்தேன்.

பக்கத்து இருக்கைக்காரர் அன்று அதிகாலைதான் சிங்கப்பூரிலிருந்து வந்து இறங்கியவர். பெட்டியின் கைப்பிடியில் ஒட்டியிருந்த விமானச் சீட்டைக்கூட அவர் இன்னும் கிழிக்கவில்லை. விழுப்புரம் தாண்டியதும் கேட்டார்.

"நீங்க என்ன வேலையா போறீங்க?"

"கொக்கு, நாரையெல்லாம் எண்ணப் போறேன்."

"கவர்மென்ட் வேலையா?"

"இல்லைங்க. கைக்காசு போட்டுத்தான்."

"வீட்டுல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"சொல்லிக்கிட்டேதான் இருக்காங்க."

அதற்குப் பிறகு அவர் தன் கைப்பையை எடுத்து ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டார்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஒவ்வொரு ஜனவரியிலும் என்னைப் போல் சிலர் ஆளுக்கொரு ஏரியைப் பிடித்துக்கொண்டு, கரையில் நின்று, நீர்ப்பறவைகளை எண்ணி எழுதி அனுப்புகிறோம். இந்த முறை அதில் ஒரு அவசரமும் சேர்ந்திருந்தது. என் ஏரிக்குள் எண்பது கருவேல மரங்கள் நிற்கின்றன. அவற்றின் மேல் நத்தைகுத்தி நாரைகள் கூடு கட்டுகின்றன. அந்த மரங்களை வெட்ட ஏலம் விடப்போவதாக அறிவிப்பு வந்துவிட்டது. பறவைகள் வருஷா வருஷம் வருவதற்குச் சாட்சி இருந்தால் ஏலத்தை நிறுத்தலாம் என்று தஞ்சாவூர் அதிகாரி ஒருவர் சொல்லியிருந்தார். சாட்சி என் பைக்குள் இருந்தது. மாப்பிள்ளைத் தோரணையில் தஞ்சாவூரில் இறங்கினேன்.

ஞாயிறு, காலை ஐந்தரை. பழைய பஸ் ஸ்டாண்டில் டீ இரண்டு ரூபாய். பாபநாசத்துக்கு இருபத்தைந்து கிலோமீட்டர், ஏழரை ரூபாய். வழியெல்லாம் பனி. பனிக்குள் சம்பா சாய்ந்து நின்றது, சில வயல்களில் அறுவடை முடிந்து தாள் மட்டும் தெரிந்தது. பாபநாசத்திலிருந்து ஏரிக்கு எட்டு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு அறுபது ரூபாய் கேட்டார் சேகர். போன வருஷமும் இவர்தான் கொண்டுபோய் விட்டார்.

"போன வருஷம் எண்ணிட்டுத்தானே சார் போனீங்க? விட்டுப்போச்சா?"

"வருஷா வருஷம் எண்ணணும் சேகர். ஒரு தடவை எண்ணினா அது வெறும் நம்பர். ஒரே இடம், ஒரே வாரம், ஒரே நேரம்னு பத்து வருஷம் எண்ணினாத்தான் கூடுதா குறையுதான்னு தெரியும்."

"வயலுக்கு ஆள் வருஷா வருஷம் குறையுது. அதை யாரும் எண்ண வரமாட்டேங்கிறீங்க. திருப்பூருக்குப் பாதி, துபாய்க்குப் பாதின்னு போயிட்டாங்க" என்றார் சேகர். நான் பைனாகுலர் கண்ணாடியைத் துடைத்தேன்.

ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று ஸ்டெல்லா சொல்லியிருக்கிறார், பறவை சுடத் துப்பாக்கியோடு ஆள் வருமாம். ஸ்டெல்லா அந்த வார்டின் பஞ்சாயத்து உறுப்பினர். வயது நாற்பது இருக்கும். கணவர் குவைத்தில். ஊரில் எஸ்.டி.டி. பூத்தும் அதற்குள் ஒரு ஜெராக்ஸ் மிஷினும் வைத்திருக்கிறார். ஏலத்துக்கு எதிராக மனு கொடுத்தது அவர்தான். அதனால் ஊரில் நாலு பேர் அவரோடு பேச்சை நிறுத்தியிருந்தார்கள். வெட்டுக்கூலி கிடைக்கும் என்று காத்திருந்தவர்கள்.

ஆறே முக்காலுக்குக் கரையில் நின்றோம். எண்ணுவது எப்படி என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். முதலில் பத்துப் பறவைகளை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணால் அளந்துகொண்டு, அதே அளவில் கூட்டத்தைக் கூறு போட வேண்டும். பத்து, இருபது, முப்பது. இடது கரையில் தொடங்கினால் வலது கரையில்தான் முடிக்க வேண்டும். எண்ணியது எழுந்து பறந்து எண்ணாத பக்கம் உட்கார்ந்தால் கழிக்க வேண்டும். கூடுகளை மட்டும் ஒவ்வொன்றாக எண்ண வேண்டும், அதில் கூறு கிடையாது.

இருநூற்றுத் தொண்ணூறு வரை வந்திருந்தேன். ஒரு பருந்து மேலே ஒரு சுற்று சுற்றியது. ஏரி மொத்தமும் எழுந்து இறங்கியது. மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணினேன்.

"அந்த மொட்டை மரத்துல பதினாலு கூடு. ரெட்டைக் கிளையில ஒன்பது" என்றார் ஸ்டெல்லா. அவர் பைனாகுலரைத் தொடுவதே இல்லை. "குவைத்துக்குப் போன மனுஷன் வரலைன்னா எங்க பூத்துலேருந்தே போன் போட்டுக் கேட்டுடலாம் சார். இதுங்க வரலைன்னா எங்க போய்க் கேக்குறது? எண்ணி வச்சாத்தான் வரலைன்னே தெரியும்."

நான் பக்கம் பக்கமாக எழுதியிருக்கும் விளக்கம் எல்லாம் அந்த ஒரு மூச்சில் முடிந்துபோனது.

ஒன்பது மணிக்கு முடித்தோம். நத்தைகுத்தி நாரை முந்நூற்று நாற்பத்தாறு, அரிவாள்மூக்கன் ஐம்பத்திரண்டு, தண்ணீரில், நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட நாமக்கோழி நாற்பத்தொன்று. எச்சம் கலந்த அந்தத் தண்ணீர் பாயும் வயலுக்கு யூரியா பாதி போதும், நத்தையையும் இதுங்களே தின்னுடும் என்றார் ஸ்டெல்லா. இதையும் அதிகாரியிடம் சொல்ல வேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.

பத்து மணி, பூத். இட்லி தின்றுகொண்டிருந்தேன். ஸ்டெல்லா தன் மனுவோடு வைக்கப் பழைய தாள்களை ஒவ்வொன்றாக மிஷினில் வைத்து நகல் எடுத்தார். மூன்றாவது தாளில் கை நின்றது.

"சார், இந்த வருஷம் நீங்க வந்தீங்களா?"

இட்லித் தட்டைக் கீழே வைத்தேன்.

"மேட்டூர் திறக்காத வருஷம் சார் இது. மழையும் ஏமாத்திடுச்சு. ஏரி வெடிச்சுக் கெடந்துச்சு. ஆடு உள்ள மேய்ஞ்சுச்சு. ஊரே உள்ள கிரிக்கெட் ஆடுச்சு. நாமக்கோழி முப்பத்தேழு நீந்துச்சுன்னு போட்டிருக்கீங்க. அது எந்தப் பக்கம் பீல்டிங் பண்ணுச்சு?"

சிரிக்க முயன்றேன். அவர் சிரிக்கவில்லை.

வரவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை சென்னையில் மஸ்கட் கம்பெனி ஒன்றுக்கு நேர்முகத் தேர்வு நடந்தது. டை கட்டிக்கொண்டு போயிருந்தேன். எல்லாரும் போகிறார்கள், நாமும் போனால் என்ன என்ற ஆசை. ஏரியை விட்டுவிடவும் மனசில்லை. தொடர்ச்சி அறுந்துவிடக் கூடாதே என்று, வீட்டுக்கு வந்து, முந்தின வருஷத்துத் தாளைப் பார்த்து, இயற்கையாக இருக்கட்டும் என்று அங்கே மூன்று கூட்டி, இங்கே ஐந்து குறைத்து எழுதி அனுப்பினேன். முப்பத்துநாலு நாமக்கோழி முப்பத்தேழு ஆனது அப்படித்தான். தேர்வில், சின்ன விவரத்தையும் கவனித்துச் செய்வீர்களா என்று கேட்டார்கள். அதுதான் என் பலமே என்று சொன்னேன். வேலை கிடைக்கவில்லை. அவர்கள் ஆள் பார்ப்பதில் கெட்டிக்காரர்கள்.

"இந்தத் தாளை மட்டும் எடுத்துட்டுக் கொடுத்துடலாமா?" என்று கேட்டேன். இதைக் கேட்டதும் நான்தான்.

"பத்து நாளைக்கு முன்னாடியே ரிஜிஸ்டர் தபால்ல எல்லாத்தோட நகலையும் ஆபீசுக்கு அனுப்பிட்டேன், கவலைப்படாதீங்கன்னு நீங்கதான சார் போன்ல சொன்னீங்க."

சொன்னேன். அனுப்பியது நான்தான், கவலைப்பட வேண்டாம் என்றதும் நான்தான்.

திங்கள், பதினோரு மணி. தஞ்சாவூரில் ஒரு அலுவலகம், நானும் ஸ்டெல்லாவும். அதிகாரி மரியாதையான மனிதர், உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். என் தாள்களை நான் நினைத்ததைவிடக் கவனமாகப் படித்திருந்தார். மூன்றாவது தாளில் பென்சிலால் ஒரு வட்டம்.

"எங்க பதிவேட்டுல அந்த ஜனவரி ஏரியில தண்ணி இல்லைன்னு இருக்கு சார்."

"அந்த வருஷம் நான் போகலை. வீட்டுல உட்கார்ந்து எழுதினேன்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

"மத்த நாலு?"

"நேர்ல எண்ணினது. சத்தியமா."

"நான் நம்புறேன் சார். ஏலத்தை நிறுத்தச் சொல்லி மேல எழுதணும்னா, அங்க இதை எப்படி நம்பச் சொல்றது?" தாளைத் திருப்பி வைத்தார். "அந்த வருஷம் சைபர்னு எழுதியிருந்தீங்கன்னா எனக்கு அதுவே போதும். தண்ணி இல்லாதப்ப சைபர், தண்ணி வந்ததும் முந்நூறு. இந்த இடத்தைத் தேடித்தான் வருதுன்னு நானே எழுதியிருப்பேன்."

"ஒரு தாளுக்காக எண்பது மரமா சார்?" என்றார் ஸ்டெல்லா.

குஞ்சுகள் பறக்கும்வரை வெட்டவிடாமல் பார்த்துக்கொள்வதாக அதிகாரி சொன்னார். அவரால் முடிந்தது அவ்வளவுதான். யூரியா, நத்தை என்று நான் குறித்துவைத்த காகிதம் சட்டைப்பையிலேயே இருந்தது.

பகல் ஒன்றே காலுக்குப் பாபநாசம் பஸ். ஸ்டெல்லாவைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வரலாம் என்று நானும் ஏறினேன். அவர் முன்னால் பெண்கள் இருக்கையில் உட்கார்ந்தார், நான் பின்னால். பஸ் பாதி காலி. இருபத்தைந்து கிலோமீட்டரும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. இறங்கும்போது மட்டும், "டிக்கெட் எடுத்துட்டீங்களா?" என்றார். "எடுத்துட்டேன்" என்றேன். அதையாவது நம்பினாரே என்று இருந்தது.

ஏப்ரலில் மரங்கள் போய்விட்டன என்று போனில் சொன்னார். அழவோ திட்டவோ இல்லை. லாரி எண்ணிக்கையைச் சொன்னார், வைத்துவிட்டார்.

அடுத்த ஜனவரி. அதே பஸ், அதே ஏழரை ரூபாய், அதே பனி. வரச்சொல்லி யாரும் கூப்பிடவில்லை. சென்னையில் என் மொட்டை மாடியில் நின்றால் காக்கையும் புறாவும் ஐந்து நிமிஷத்தில் எண்ணி முடிந்துவிடும். தப்பாக எண்ணினாலும் ஒரு மரமும் விழாது. ஆனாலும் வந்துவிட்டேன். ஸ்டெல்லா கரையில் நின்றுகொண்டிருந்தார். கையில் தனியாக ஒரு நோட்டு, ஒரு பேனா.

ஏரியில் தண்ணீர் முழுசாக இருந்தது. மேலே உட்கார ஒன்றும் இல்லாமல் நீளமாக, வெளிச்சமாகக் கிடந்தது. இரண்டு பேரும் பத்தடி இடைவெளி விட்டு நின்றோம். தனித்தனியாக எண்ணினோம். கூறு போடும் அளவுக்குக் கூட்டமும் இல்லை.

எட்டு மணிக்கு அவர் நோட்டை மூடினார். "நத்தைகுத்தி எத்தனை சார்?"

"நீங்க சொல்லுங்க."

"நீங்க முதல்ல."

"ஒன்பது."

நோட்டைத் திறந்து பார்த்தார். "ஒன்பதுதான்" என்று சொல்லி, என் தாளை வாங்கி, என் கையெழுத்துக்குக் கீழே தன் பெயரையும் போட்டுக் கொடுத்தார்.