பிடிக்க ஆளில்லாத தோள்

முதுகில் மருந்து நிரப்பிய தாங்கியைச் சுமந்து வயலுக்கு அடித்தே கழுத்துப் பிடித்துப்போனது, கொக்கட்டிச்சோலை அழகரத்தினத்துக்கு. மனைவி இறந்து மூன்று வருடம். ஒரே மகள் கனடாவில். செவ்வாய்தோறும் பஸ் ஏறி மட்டக்களப்புக்குப் போய், பிசியோதெரபி செய்யும் இர்ஷானாவிடம் குப்புறப் படுப்பார். அவள் கழுத்திலிருந்து மேல்முதுகுவரை மூட்டு மூட்டாக அழுத்தி இளக்குவாள். வாரத்தில் அவரை ஒரு கை தொடுவது அப்போது மட்டும்தான்.

ஆறாம் வாரம் அவள் சொன்னாள்: “கழுத்து நல்லாத் திரும்புது ஐயா. இனி வரத் தேவையில்ல. வீட்டுல ஆரையும் தோளைப் பிடிக்கச் சொல்லிட்டு இந்தப் பயிற்சியச் செய்யுங்க.”

“ஓம் மகள்,” என்றார்.

அடுத்த செவ்வாயும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தரிப்பிடத்தில் நின்றார். பஸ் வந்தது.

“கழுத்து நோ இன்னும் விடல்லியா ஐயா?” என்று நடத்துநர் கேட்டார்.

“விட்டுட்டுது தம்பி,” என்றவர், ஏறாமல் ஒதுங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து, கதவு நிலையில் தோளை முட்டுக்கொடுத்துக் கழுத்தை மெல்லத் திருப்பினார்.