ஸ்ரீரங்கத்தில் ஒரு மலைச்சரிவு

எண்பதுகளின் கடைசியில் எங்கள் மண் ஆய்வு அலுவலகத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. காட்டூர்ப் பக்கம் ஒரு வாடகைக் கட்டடம். மழை பெய்தால் ஒழுகும். கம்ப்யூட்டர் அறைக்கு மட்டும் ஏசி போட்டார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மண் மாதிரிப் பைகளை அந்த வாசல் பக்கமே கொண்டுவரக் கூடாது என்று அதிகாரி உத்தரவு போட்டார்.

அதுவரை எங்கள் ஆட்கள் ஊர் ஊராகப் போய்க் குழி வெட்டிப் பார்த்துத்தான் மண் வரைபடம் தயாரித்தார்கள். அதற்கு வண்ணம் தீட்டுவது என் வேலை. உறையூரிலிருந்து டவுன் பஸ் பிடித்து வந்து, நாள் முழுக்கச் சிவப்பும் கறுப்பும் குழைத்துக்கொண்டிருப்பேன்.

இனிமேல் குழியே வேண்டாம் என்றார் அதிகாரி. நில வரைபடத்தில் உள்ள உயரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் போதுமாம். மேடு எங்கே, சரிவு எங்கே என்று அதுவே கணக்குப் போட்டு, மேட்டில் சரளை, சரிவில் செம்மண், தாழ்வில் களிமண் என்று சொல்லிவிடுமாம். யோசனை என்னவோ நல்ல யோசனைதான்.

முக்கொம்பு வரை ஒழுங்காகப் போயிற்று. ஸ்ரீரங்கத்துக்கு வந்ததும் நின்றுவிட்டது. இரண்டு ஆறுகளுக்கு நடுவே ஊர் முழுக்கச் சமதரை. எல்லா இடத்திலும் ஒரே உயரம் என்றதும் கம்ப்யூட்டர் கணக்குப் போட மாட்டேன் என்று அடம்பிடித்தது.

உயரங்களை ஏற்றிக்கொண்டிருந்தவர் ஸ்ரீரங்கத்துக்காரர். அந்த அறைக்குள் அனுமதிக்கப்பட்ட ஒரே மண், அவர் நெற்றியில் இருந்த திருமண்.

"உயரமே இல்லாத ஊர் உண்டா? ஏதாவது ஒரு உயரம் கொடுங்க சார்" என்று அவரிடம் கோபப்பட்டார் அதிகாரி.

"எங்க ஊர்ல ஒசரம்னா ராஜகோபுரம்தான் ஸார். இப்பத்தானே கட்டி முடிச்சிருக்கா."

"எவ்வளவு உயரம்னு தெரியுமா?"

"அது தெரியாம இருக்குமா!"

"அப்ப அதைப் போடுங்க."

நான் குறுக்கிட்டேன். "சார், அது கோபுரம்..."

"அது மெஷினுக்குத் தெரியாதும்மா. அதுக்குத் தேவை நம்பர்."

நம்பர் கிடைத்ததும் கம்ப்யூட்டர் உற்சாகமாகிவிட்டது. அந்த உச்சியிலிருந்து நாலா பக்கமும் தரை படிப்படியாக இறங்குவதாக அதுவாக நினைத்துக்கொண்டு, பல தெருக்களை விழுங்கிய ஒரு மலையை உண்டாக்கியது. உச்சியில் சரளை, சுற்றிலும் செம்மண். நானும் அழகாக வண்ணம் தீட்டிக் கொடுத்தேன். படம் சென்னைக்குப் போயிற்று.

பாராட்டோடு பதில் வந்தது. ஸ்ரீரங்கம் மலைச்சரிவில் மண் அரிப்பு அபாயம் இருப்பதால் குறுக்கே வரப்பு போட்டு முந்திரி நட வேண்டும்; கன்றுகள் அனுப்பப்படும்; உடனே நேரில் பார்த்து அறிக்கை தரவும்.

மூவரும் ஜீப்பில் கிளம்பினோம். கோபுர வாசலில் இறங்கி, அதிகாரி வரைபடத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு சுற்றும்முற்றும் பார்த்தார். பூக்காரம்மா என்னைக் கூப்பிட்டார்.

"என்னம்மா தேடுறீங்க?"

"மலை."

"மலைக்கோட்டைக்கா? தப்பா வந்துட்டீங்களே! ஒண்ணாம் நம்பர் பஸ் இப்ப வரும், ஏறிடுங்க."

அதிகாரி கோபுரத்தை அண்ணாந்து வெகுநேரம் பார்த்தார். இப்போதாவது தப்பை ஒத்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அரிப்பு ஏதாவது தெரியுதா?" என்றார்.

ஸ்ரீரங்கத்துக்காரர் கோபுரத்தைப் பார்த்துக் கைகூப்பி, "துளிக்கூட இல்லை ஸார். பெருமாள் கிருபை" என்றார்.

"எழுதிக்குங்க. சரிவு உறுதியா இருக்கு. வரப்பு தேவையில்லை."

சிரிப்பை அடக்க முடியாமல் நான் பூக்காரம்மா பக்கம் திரும்பி ரெண்டு முழம் கதம்பம் வாங்கினேன்.

அறிக்கையை யாரும் சந்தேகிக்கவில்லை. ஆனால் அது போய்ச் சேருவதற்குள் முந்திரிக் கன்றுகள் லாரியில் வந்து இறங்கிவிட்டன. திருப்பி அனுப்பினால் ஆயிரம் கேள்வி வரும். அலுவலகத்துக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் வரிசையாக நட்டுத் தள்ளினோம். ஐப்பசி மழையில் அங்கே தண்ணீர் தேங்கி, அத்தனை கன்றும் வேரோடு அழுகிப்போயிற்று.

"இது என்ன எழவு மண்ணு?" என்று கத்தினார் அதிகாரி.

மண் ஆய்வு அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. கம்ப்யூட்டரில் பார்த்தோம். நல்ல செம்மண் என்றது.