சிலை எதிரில் ஒரு ஹாரன்

கம்பெனி அனுப்பிய கடிதத்தில் ஒரு தலைவர் பெயரிலுள்ள நகர், அவர் சிலை எதிரில் என்றிருந்தது. ஒன்பது மணிக்கு இன்டர்வியூ. பிந்தினால் கேட்டைச் சாத்திவிடுவார்கள். ஓசூரில் ஆட்டோ பிடித்தேன். ஓட்டுநருக்கு நரைத்த மீசை.

"அந்தப் பேர்ல ரெண்டு நகர் இருக்குதுப்பா. சிலைல தலைவர் கம்பிக் கூண்டுக்குள்ள இருக்காரா, வெளிய நிக்கிறாரா?"

தெரியாமலே "கூண்டு" என்றேன். போனால், அங்கே கம்பெனியே இல்லை.

"படிச்ச புள்ள, தெரியாதுன்னு சொன்னா என்னா?" என்று வண்டியைத் திருப்பினார். லாரி ஒன்று மறித்தது.

"ஹாரன் அடிங்கண்ணா!"

"தலைவர் எதிர்ல அடிக்கமாட்டேன்." லாரி நகரும்வரை காத்திருந்தார்.

அடுத்த சிலையை அடைந்தபோது வாட்ச்மேன் கேட்டை இழுத்துக்கொண்டிருந்தார். ஆட்டோக்காரர் சிலையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, வாட்ச்மேன் கை நிற்கும்வரை ஹாரனை விடாமல் அழுத்தினார்.

இன்று அந்த கேட் வழியாகத்தான் வேலைக்குப் போகிறேன். அன்று அந்த ஆட்டோக்காரர் பெயரைக் கேட்காமலே உள்ளே ஓடியிருக்கிறேன்.