பேனரில் நிற்கிறவர்

ஆடிப்பூரத் தேரன்று சங்கரபாண்டி அண்ணனைத் தெருமுனையில் காக்க வைத்தவன் நான்தான். இன்னொருவர் பெயரில் வாக்குக் கொடுத்து வரவழைத்தேன். தூரத்தில் நின்று பார்த்தேன். அதோடு விட்டேனா... படமும் எடுத்தேன்!

இதை உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன். நீங்கள் என்னை அறியாதவர் என்பதுதான் காரணம்.

யோசனை உதித்தது ஒரு பேருந்தில். மேலாண்மை படித்துவிட்டு, உடற்பயிற்சிக் கூடங்களுக்கு ஆள் சேர்த்துத் தருகிறேன் என்று நான் கிளம்பியிருந்த புதிது. காய்ச்சலில் ராஜபாளையத்து அறையிலேயே சில நாள் முடங்கிக் கிடந்துவிட்டு, அன்றுதான் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்த் திரும்பிக்கொண்டிருந்தேன். முடங்கிக் கிடந்த நாட்களில் ஒருவர்கூட என்னை அழைக்கவில்லை. ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தபோது சட்டென்று உறைத்தது. எந்திரம் சரியில்லை என்றா ஜிம்முக்குப் போவதை நிறுத்துகிறார்கள்? இல்லை! வராத நாளில் யாரும் தேடாததால் நிறுத்துகிறார்கள். தேடினால் வருவார்கள்!

எவ்வளவு சரியான எண்ணம்... இன்றும் சரியென்றே நினைக்கிறேன். கொடுமையே அதுதான்.

வேலுச்சாமி மாஸ்டர் பட்டாளத்திலிருந்து வந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜிம் நடத்துபவர். போலீஸ் தேர்வு அறிவித்தால் சுற்று வட்டாரத்துப் பையன்களெல்லாம் அவரிடம் குவிவார்கள். தேர்வு முடிந்ததும் கூடம் காலி.

"ஏலே தம்பி, செலக்சன் முடிஞ்சா ஒரு பயலக் காணோம். நடுவயசு ஆளுகள நிறுத்தி வைக்க ஒங்கிட்ட வழி இருக்கா? இல்ல, அந்த லேப்டாப்ப முதுகுல வச்சுத் தண்டால் எடுக்கவா?"

"வராதவங்கள நீங்க விசாரிக்கணும் மாஸ்டர்."

"பட்டாளத்துல என்னய எவம்லே விசாரிச்சான்? நீயே விசாரிச்சுக்கோ, போ."

ஜிம்மின் வாட்ஸ்அப் என் கைக்கு வந்தது. அதன்பின் அவர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. நான் மாஸ்டராக எழுதத் தொடங்கினேன். 'அண்ணே, ஒங்களக் காணோமே. ஒடம்புக்கு ஒண்ணும் இல்லயே?' எழுதியது அவ்வளவுதான். நின்றுபோனவர்கள் வந்தார்கள்!

சங்கரபாண்டி அண்ணனும் வந்தார். சைக்கிள் கடை வைத்திருப்பவர், ஐம்பதைத் தாண்டியவர். மனைவி இறந்துவிட்டார். மகள் கோவையில். மற்றவர்கள் 'நாளைக்கு வாரேன்' என்று பதில் போட்டு முடித்துக்கொள்ள, இவர் மட்டும் பேசினார். மதியம் என்ன சமைத்தார், கடைக்கு யார் வந்தது, மகள் ஏன் போனை எடுக்கவில்லை... எல்லாவற்றுக்கும் நான் பதில் எழுதினேன். தொழிலுக்காக என்றா நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். உண்மையில், என்னிடம் 'சாப்பிட்டீங்களா' என்று கேட்க அவரைவிட்டால் எனக்கு ஆளில்லை. அந்தக் கேள்வியும் மாஸ்டருக்கு வந்ததுதான்!

ஒரு நாள் எழுதினார்: 'முழங்கால் போனதுல இருந்து தேர் வடம் தொடல மாஸ்டர். அதுக்காவத்தான் ஜிம்முக்கே வந்தேன். இப்ப கால் தேவலை. ஆனா அம்புட்டுக் கூட்டத்துல தனியா எறங்கப் பயமா இருக்கு. இதோட நின்னுரலாம்னு பாக்கேன்.'

நின்றுவிடுவார்... என் விரல்கள் என்னைக் கேட்கவில்லை.

'நிக்காதீகண்ணே. தேரன்னிக்கு வடக்கு ரத வீதி முனையில இருங்க. நான் வாரேன். ஒங்க பக்கத்துல நின்னு பிடிக்கேன்.'

அத்தோடு ஒன்று சேர்த்தேன். 'ஜிம்ல இதப் பேச வேண்டாம்ணே. பயலுக முன்னால நான் கறாரா இருக்கணும்லா.'

'ஒங்க சங்கடம் எனக்குப் புரியுது மாஸ்டர்' என்று பதில் வந்தது. என் பொய்க்கு அவர் இரங்கினார்!

மாஸ்டரிடம் சொல்லி அவரையே அனுப்பியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொன்னால் நான் எழுதிய அத்தனையையும் சொல்ல வேண்டும். இன்று, நாளை என்று தள்ளினேன். தேர் வந்துவிட்டது.

விளம்பரத்துக்காக நான் அச்சடித்துக் கொடுத்திருந்த ஜிம் பனியனைப் போட்டுக்கொண்டு அண்ணன் வீதி முனையில் நின்றிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, துண்டை இடுப்பில் இறுக்கியிருந்தார். 'கோவிந்தா' முழக்கம் கிளம்பியது. வடம் அவர் முன்னால் வந்து கிடந்தது. அவர் வடத்தைப் பார்க்கவில்லை... கூட்டத்துக்குள் மாஸ்டரின் தலையைத் தேடிக்கொண்டிருந்தார். பக்கத்திலிருந்தவர் அதட்டினார்: "பிடியும்வே! இல்ல, ஒதுங்கும்!"

"செத்த நேரம்... ஆள் வருது" என்றார்.

கூப்பிடும் தூரத்தில்தான் நான் நின்றேன். ஓடிப்போய், "அண்ணே, வாங்க" என்று ஒரு கை கொடுத்திருந்தால் போதும். பொய்கூட வெளிவந்திருக்காது! நான் கைபேசியை உயர்த்தினேன். பனியனில் ஜிம் பெயர், பின்னால் தேர். படம் அற்புதமாக வந்தது.

தேர் நகர்ந்தது. அவர் ஒதுங்கினார்.

மறுநாள் ஜிம்மில், நான் எழுதியதை மதித்து, பொதுவாகவே கேட்டார்: "என்ன மாஸ்டர், தேருக்கு வரலயோ?"

"எனக்கெதுக்குவே தேரு? கூட்டம்னாலே நமக்கு ஆவாது" என்று மாஸ்டர் சிரித்தார்.

"சரிதான்... சும்மா கேட்டேன்." செருப்பை மாட்டிக்கொண்டார். வாசலில் என்னைப் பார்த்து, "வாரேன் தம்பி" என்றார். அவருக்கு நான் படம் எடுக்கிற பையன், அவ்வளவே.

அதன்பின் வரவில்லை. வராதவரைத் தேடுவதுதானே என் முறை? தேடினேன்... 'அண்ணே, ஒங்களக் காணோமே.' ஆம், அதையும் அனுப்பினேன்! படித்ததற்கான நீல அடையாளம் விழுந்தது. பதில் இல்லை.

அந்தப் படம் இன்றுவரை ஜிம் வாசலில் பேனராக நிற்கிறது. வடத்தை இப்போதுதான் விட்டவர் போலத் தோன்றும்படி வெட்டி, 'தேர் இழுக்கும் தெம்பு வேண்டுமா?' என்று எழுதினேன். அதைப் பார்த்துப் பலர் சேர்ந்தார்கள். ராஜபாளையத்திலும் இரண்டு ஜிம்கள் என்னை அழைத்தன. அங்கேயும் அதே பாடத்தைச் சொன்னேன்: வராதவரைத் தேடுங்கள்.

என் அறையில் கைபேசி நாளெல்லாம் ஒலிக்கிறது. எல்லாம் மாஸ்டருக்கு, மற்ற ஜிம்காரர்களுக்கு. எனக்கென்று ஒன்றுமில்லை. சாப்பிட்டாயா என்று யாரும் கேட்பதில்லை... கேட்கிற இடத்தில் இருப்பது மாஸ்டரின் பெயர், நான் இல்லையே!

பேனரை இன்று கழற்றச் சொல்லிவிட்டேன். "ஏன்டே, நல்லாத்தான இருக்கு?" என்றார் மாஸ்டர். உண்மை வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன். பாருங்கள், இன்றும்!

நாளைக் காலை சைக்கிள் கடைக்குப் போகப் போகிறேன். கடை திறக்கும்போதே நிற்க வேண்டும். "என்ன தம்பி, யார் அனுப்புனா?" என்று அவர் கேட்பார். இத்தனை பேருக்கு, இத்தனை பேர் பெயரில் எழுதியவன் நான். அந்த ஒரு கேள்விக்கு என்ன சொல்வதென்று இன்னும் ஒரு வரி வரவில்லை.