பிடி அரிசிக் கலயம்

வடக்குப்பட்டில் எங்கள் கிறிஸ்தவ சபைக் குடும்பங்களில் ஒரு வழக்கம் இருந்தது. உலை வைக்கிறவள் அரிசியைக் களைவதற்கு முன் ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவாள். ஞாயிற்றுக்கிழமை அதைக் கோயிலில் பீடத்துக்கு முன்னால் விரித்த துணியில் கொட்டுவார்கள். ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். யார் வீட்டிலாவது கஷ்டம் என்றால் ஏலம் இல்லை, அந்தத் துணியிலேயே மூட்டை கட்டி அங்கே அனுப்பிவிடுவார்கள். பொன்னியும் ரேஷன் அரிசியும் ஒரே குவியலாகக் கிடக்கும். "ரெண்டும் இங்கதான்டி ஒண்ணா குந்துது" என்று கோயில் பெருக்கும் அக்கா சொல்வார்.

1991 கோடையில் அப்பாவின் வலது கை தகடு வெட்டும் பிரஸ் மெஷினில் சிக்கியது. ஸ்ரீபெரும்புதூர் போகிற வழியில் இருந்த சின்னப் பட்டறை அது. நடுவில் மூன்று விரல்கள் போய், கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிஞ்சின. புண் ஆறியதும் வா, உட்கார்ந்து பார்க்கிற வேலை தருகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். அந்தப் பேச்சை நம்பித்தான் வீடு நடந்தது. அம்மா நடவுக்குப் போனாள். நான் பத்தாவது முடித்துவிட்டுச் சமையலைப் பார்த்துக்கொண்டேன்.

விடிவதற்கு முன் அம்மா சுவரோரம் முழங்கால் படியிடுவாள். அவள் ஜெபத்தில் அலங்காரம் இருக்காது. அந்த வேலையைத் திரும்பக் கொடும் என்பாள், எங்களை விட்டுவிடாதேயும் என்பாள், எழுந்து போய்விடுவாள்.

மழைக்காலத்தில் சோறு கஞ்சியானது. கஞ்சியும் நீர்த்தது. கலயத்தில் அம்மா போடுகிற பிடி மட்டும் குறையவில்லை. ஒருநாள் அப்பா அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு அம்மாவிடம் கேட்டார்.

"நம்ம வூட்லயே ஒண்ணும் இல்ல. கோயிலுக்கு இன்னாத்துக்கு எட்த்து வைக்கிற?"

"அத வைக்கலன்னா நாளைக்கு முட்டி போட்டுக் கேக்க எனக்கு வாய் வராதுய்யா" என்றாள் அம்மா.

கோயிலுக்கு வருவதை அப்பா முன்பே நிறுத்தியிருந்தார். கட்டுப் போட்ட கையை எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள் என்பது அவர் சொன்ன காரணம்.

புண் ஆறியதும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போனார். மதியத்துக்கு முன்பே திரும்பிவிட்டார். அவருடைய மெஷினில் வேறொருவன் நிற்கிறானாம். உட்கார்ந்து பார்க்கிற வேலை என்று பட்டறையில் எதுவும் இல்லையாம். சூப்பர்வைசர் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினாராம். சட்டையைக் கழற்றாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அம்மா நடவுச் சேற்றோடு வந்து நின்று நடந்ததைக் கேட்டாள். மறுநாள் விடியலில் அவள் ஜெபம் செய்ததை நான் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு ஏலம் நடக்கவில்லை. சபையைக் கவனிக்கும் உபதேசியாரின் மனைவி மூட்டையை எங்கள் வாசலில் வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போனார். பல வருஷம் அந்தத் துணியில் கொட்டிய அம்மா, இப்போது அதே துணியை அவிழ்த்தாள். எங்கள் வீட்டு ரேஷன் அரிசி பழுப்பாக உள்ளே கலந்து கிடந்தது. முறத்தில் கொட்டிக் கல் பொறுக்கினாள். முடிந்ததும் முறத்தை அப்பாவின் பக்கம் தள்ளினாள்.

"கலயத்துக்கு நீ எடுய்யா."

அவர் நல்ல இடது கையை விட்டுவிட்டு வலது கையை நீட்டினார். இரண்டு விரல்களுக்கு நடுவே அரிசி நிற்கவில்லை. தூக்கத் தூக்கச் சரிந்து தரையெல்லாம் சிதறியது. கலயம் வரை போய்ச் சேர்ந்தது சில மணிகள்தான். அம்மா இன்னொரு பிடி சேர்க்காமல் கலயத்தை மூடினாள். தரையில் சிந்தியதைக் கூட்டி அள்ளி, கழுவி, உலையில் போட்டாள்.

அப்பாவுக்கு அதற்குப் பிறகும் வேலை கிடைக்கவில்லை. கோயிலுக்கும் அவர் வரவில்லை. ஆனால் உலை கொதிக்கிற சத்தம் கேட்டால் எழுந்து வந்து முறத்தின் முன்னால் உட்கார்ந்து, அந்தக் கையாலேயே கலயத்துக்கு எடுத்துப் போடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கலயத்திலிருந்து துணியில் விழுந்த அரிசி சத்தமே கேட்காத அளவுக்குத்தான் இருந்தது.