சவரக்கத்தியின் வால்

அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து ஏழு மாதமாகிறது. வலது கையும் காலும் வராது. முப்பது வருஷம் லாரி ஓட்டிய மனுஷன், இப்போது சேந்தமங்கலத்து வீட்டில் கட்டிலோடு கிடக்கிறார். எனக்கு நாமக்கல்லில் லாரிக்கு ஸ்பிரிங் பட்டை அடிக்கும் பட்டறை. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் ஓய்வு, அன்றைக்குப் போய் அவரைக் குளிக்க வைத்துச் சவரம் செய்துவிட்டு வருவேன். உண்மையைச் சொல்வதென்றால் எனக்கு அலுத்துவிட்டது. திரும்பி வரும் பஸ்ஸில் ஏறியதும் தூங்கிவிடுவேன்.

என்னைவிட அவருக்குத்தான் அலுப்பு அதிகம். நான் சோப்பு நுரையோடு குனிந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இடது கையால் சோறு தின்னப் பழகியபோது, யாரும் பார்க்கக் கூடாது என்று கதவைச் சாத்தச் சொன்னவர். அந்தக் கை தேறியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னிடம் குழறிக் குழறிச் சொன்னார்.

“பிளாஸ்டிக்கு வேண்டாஞ் சாமி. மடக்குக் கத்தி ஒண்ணு பாத்துக் கொண்டா. லாரியில வெச்சிருந்தனே, அதாட்டம். இனி நானே வழிச்சுக்கறேன்.”

“பாக்கறனுங்கண்ணா” என்றேன்.

அண்ணன் மனைவி சமையல்கட்டுக்கு என்னைக் கூப்பிட்டு, “நீங்க பாட்டுக்குத் தலையாட்டிட்டுப் போயிராதீங்க தம்பி. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை திங்கறாருங்க. கொசு கடிச்சத சொறிஞ்சதுக்கே துண்டு நனைஞ்சு போச்சு” என்றார். அவருக்கும் தலையாட்டினேன். ரெண்டு பக்கமும் தலையாட்டி நல்ல பேர் வாங்குவது எனக்குச் சின்ன வயசிலிருந்தே கைவந்த வேலை.

தேடாமலேயே இருந்திருப்பேன். ஆனால் பழைய இரும்புக் கடையில் பட்டை பொறுக்கும்போது, ஆணியும் போல்ட்டுமாகக் கிடந்த டப்பாவில் அது கிடைத்தது. எருமைக்கொம்புப் பிடி, ஒரு பக்கம் பூச்சி அரித்திருந்தது. ரிவிட் ஆடியது. கத்தி முழுக்கத் துரு. தேறாது என்று தூக்கிப் போட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். இரும்பைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காதே, எடுத்து வந்துவிட்டேன்.

பட்டறையில் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, நைசு உப்புத்தாளால் தேய்த்தேன். சிவப்புத் துரு சீக்கிரம் போய்விட்டது. பயப்பட வேண்டியது கறுப்புத் துருவுக்குத்தான், அது குழி பறித்திருக்கும். குழி இருந்தது, ஆனால் முதுகுப் பக்கமாகத்தான். கூர் வரும் வாய்ப்பக்கம் சுத்தமாக இருந்தது. கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன், வளைவு இல்லை. கட்டைவிரல் நகத்தின் மேல் மெதுவாக ஓட்டினேன், எங்கேயும் தட்டவில்லை. சுண்டினால் கணீரென்றது. நல்ல சாமான். கல்லில் பொறுமையாகத் தீட்டினால் மயிரை ஊதித் தள்ளும். துண்டு நனைந்ததாக அண்ணி சொன்னது ஞாபகம் வந்தது.

எங்கள் தொழிலில் கடைசிச் சோதனை ஒன்று உண்டு. எந்தப் பழைய இரும்பையும் சாணைக்கல்லில் ஒரு தொடு தொட்டுப் பொறியைப் பார்ப்போம். மட்ட இரும்பு நீளக் கோடாகப் பொறி விடும், நல்ல எஃகு மத்தாப்பாகச் சிதறும். ஆனால் வேலை செய்கிற இடத்தில் தொட மாட்டோம், சூட்டில் பதம் போய்விடும். வாலில், உபயோகப்படாத ஓரத்தில்தான் வைப்போம். லாரியைப் பட்டறையில் விட்டுவிட்டுக் காத்திருக்கும் நாளெல்லாம் அண்ணன் டீ கிளாஸோடு உட்கார்ந்து இதைப் பார்த்திருக்கிறார். புதிய ஆள் யாராவது தடுமாறினால், “வால்ல வைய்யா” என்று அவரே சத்தம் போடுவார்.

மோட்டாரைப் போட்டேன். கத்தியை வைத்தேன். மத்தாப்பாகப் பொறி சிதறியது, அருமையான எஃகு. எடுத்துப் பார்த்தால் வாய் நெடுக நீலம் ஓடியிருந்தது. பதம் போய்விட்டது. இனி எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது.

அடடா என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஆனால் அதற்கு முன்னால், ஒரு நொடி, பெரிய நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மறைத்திருக்கலாம். ஆனால் அவர் வாரம் முழுக்கக் காத்திருந்திருக்கிறார், முகம் பார்க்கும் கண்ணாடியைக்கூடத் தலைமாட்டில் எடுத்து வைத்திருந்தார்.

“நல்ல கத்திதானுங்கண்ணா. சாணையில பொறி பாக்கறப்ப தீஞ்சு போச்சுங்க” என்றேன்.

இடது கையால் பிடியை ஒதுக்கிக் கத்தியை விரித்தார். ஜன்னல் வெளிச்சத்தில் நீலத்தைப் பார்த்தார். பிறகு அதை மெதுவாகத் திருப்பி, ரிவிட்டைத் தாண்டி நீண்டிருந்த வாலைப் பார்த்தார். அங்கே கல் பட்ட தடமே இல்லை.

“வால்ல வெச்சுப் பாக்கலியா சாமி?”

“மறந்துட்டனுங்க.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இருந்தது. கத்தியை மடக்கித் தலையணைக்குக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தார்.

“சரி, நீயே வழிச்சு உடு” என்று தாடையைத் தூக்கிக் கொடுத்தார்.

பிளாஸ்டிக் ரேசரை எடுத்தேன். அன்றைக்கு அவர் ஒரு தடவைகூட முகத்தைத் திருப்பவில்லை.